ஐம்பது வயதில் கலாசாலை

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, எங்கள் ஊருக்கு அடுத்தாற்போலுள்ள கலாசாலை ஒன்றின் காரியாலய ஜன்னலுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுள் மூத்தவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். என் முறை வந்ததும், "எம்.எஸ்ஸி. கணித வகுப்புக்கு ஒரு விண்ணப்பம் வேண்டும்" என்றேன். உள்ளே இருந்த குமாஸ்தா தலை நிமிராமலே, "பெண் வரவில்லையா, அம்மா?" என்று கேட்டார்.

"பெண்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் காதோரத்து நரையையும், கையிலிருந்த காய்கறிப் பையையும் பார்த்தார். ஒரு கணம் அவருடைய பேனா நின்றது. பிறகு மிகுந்த மரியாதையுடன் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்து, "வயது ஒரு தடையில்லை, அம்மா" என்று தாமாகவே சொன்னார். அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது பின்னால் தெரிய வந்தது.

அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூடினேன். அது அங்கே இருபத்தாறு நாட்கள் இருந்தது. அந்த இருபத்தாறு நாட்களில் நான் யோசித்த யோசனைகளையும், பிறர் எனக்குச் சொன்ன யோசனைகளையும் இங்கே எழுத எண்ணுகிறேன். என்னைப்போல் ஏதாவது ஒரு காகிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று திகைத்திருப்பவர்கள் வாசகர்களிலும் இருக்கக்கூடும் அல்லவா?

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். 1996-ஆம் வருஷம் பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினேன். எம்.எஸ்ஸி. வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு கார்டு வந்தது. அது வந்த வாரத்திலேயே என்னைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். கார்டில் குறித்திருந்த தேதியும் நிச்சயதார்த்தத் தேதியும் ஒன்றுக்கொன்று நாலே நாள் வித்தியாசம். என் தகப்பனாருக்கு என் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆகையால் யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கார்டை மாத்திரம் கூறைப் புடவையின் மடிப்பில் வைத்துக்கொண்டு புக்ககம் வந்தேன். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. என் கணவர் நல்லவர். அந்தக் கார்டைப் பற்றி அவருக்குச் சென்ற மாதம் வரையில் ஒன்றுமே தெரியாது.

வந்த இடத்தில் நான் கணிதத்தை அடியோடு விட்டுவிடவுமில்லை. சுமார் இருபத்தைந்து வருஷ காலமாக, மாலை வேளைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையில் இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். ஒரு ஜமக்காளம், ஒரு கரும்பலகை, ஒரு சிவப்பு மைப் பேனா - இவைதாம் என் பள்ளிக்கூடம். மகன் படித்து முடித்து, படிப்புக்கு வாங்கிய கடனையும் தானே அடைத்துவிட்டு, ஹோசூரில் உத்தியோகம் பார்க்கிறான். ஐம்பதாவது பிறந்த நாளன்று அவன் கைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான். வழக்கம்போல் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லப் போனவள், சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த யோசனையின் பலன்தான் காரியாலய ஜன்னல்.

செய்தி வெளியே வந்ததும் முதலில் எதிர்ப்பட்ட கேள்வி, "இதனால் என்ன பயன்?" என்பது. கேட்டவர் என் நாத்தனார் வீட்டுக்காரர். அவர் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரவு செலவாகப் பார்க்கிறவர். அவர் கேட்டது தவறென்று நான் சொல்ல மாட்டேன். முதிய வயதில் மேற்படிப்புக்குப் போக நினைக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ரோசப்படாமல் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆகவே நானும் சொல்லிக்கொண்டேன்.

கலாசாலையில் விரிவுரையாளர் உத்தியோகத்துக்கு எம்.எஸ்ஸி. பட்டம் மட்டும் போதாது. அதன்மேல் 'நெட்' அல்லது 'ஸெட்' பரீட்சையில் தேற வேண்டும். அல்லது ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற வேண்டும். நெட் பரீட்சை எழுதி உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவதற்கு வயது வரம்பு கிடையாது. ஆனால் அதே பரீட்சையின் மூலம் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித் தொகைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு என்னைத் தாண்டிப் போய் வெகு காலம் ஆயிற்று. இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி., அதற்குமேல் பரீட்சை, அதற்குமேல் ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று வருஷம் என்று கூட்டிப் பார்த்தால், நான் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும் சமயத்தில் என் வயதொத்தவர்கள் பிரிவுபசாரத்துக்கு மாலை வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆகையால் உத்தியோகம் என்ற பயனை நானே சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மாலைப் பள்ளியில் பிள்ளைகள் அதிகமாக வருவார்களா என்றால், அதுவும் இல்லை. ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்குக்கு எம்.எஸ்ஸி. எதற்கு? பணக் கணக்கில் இந்தக் காரியம் முழு நஷ்டம். இதை ஒப்புக்கொண்ட பிறகு மனத்துக்கு ஒரு தெளிவு உண்டாயிற்று.

இரண்டாவது கேள்வி வயதைப் பற்றியது. அதைக் கேட்டவன் என் மகன். அவன் கேலி செய்யவில்லை, கவலையோடுதான் கேட்டான். "கணிதம் வாலிபர்களின் விளையாட்டு என்று சொல்கிறார்களே, அம்மா?" என்றான். அப்படிச் சொன்னவர் சாமானியப்பட்டவர் அல்லர். நம் ராமானுஜனை உலகத்துக்குக் காட்டிய பேராசிரியர் ஹார்டி, 1940-ஆம் வருஷம் வெளியிட்ட புத்தகத்தில் ஏறக்குறைய இந்தக் கருத்தையே எழுதியிருக்கிறார். அதற்கு எதிர்சாட்சியாக ஒருவரை நான் மகனுக்குச் சொன்னேன். சீன தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வெகு காலம் வாழ்ந்த யீடாங் ஜாங் என்பவர், ஆராய்ச்சிப் பட்டம் பெற்றும் தக்க வேலை கிடைக்காமல், சில காலம் உணவுக் கடையிலும் வேலை பார்த்தவர். 2013-ஆம் வருஷத்தில், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு, பகா எண்களைப் பற்றி ஓர் அரிய உண்மையை நிரூபித்தார். ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லை என்பது அது. எவ்வளவு தூரம் எண்ணிக்கொண்டே போனாலும் அத்தகைய ஜோடிகள் மேலும் மேலும் வந்துகொண்டே இருக்குமாம். இடைவெளிக்கு இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை அதற்கு முன் எவராலும் நிரூபிக்க முடியவில்லை.

இதைக் கேட்டு மகன் சமாதானம் அடைந்தான். நான் அடையவில்லை. உலகம் வியக்கும் தேற்றத்தை நானா கண்டுபிடிக்கப் போகிறேன்? பிறர் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேலான விஷயங்களைக் கற்கவே நான் போக நினைக்கிறேன். அதற்கு மேதைகளின் வயதை ஏன் விசாரிக்க வேண்டும்?

அந்தச் சமயத்தில் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்தியை அனுப்பி வைத்தார். பாட்னா நகரத்தில் ஒரு பெரியவர் 2017-ஆம் வருஷத்தில், தம்முடைய 98-ஆவது வயதில், நாலந்தா திறந்தநிலைச் சர்வகலாசாலையில் பொருளாதார எம்.ஏ. பரீட்சை தேறினார் என்ற செய்தி. அவர் பி.ஏ. தேறியது 1938-இல்! படத்தில் அவரைப் பார்த்ததும் எனக்கும் கண்ணில் நீர் துளிர்த்தது. ஆனால் செய்தியை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அது மகனும் மருமகளும் உள்ள வீடு. அவருடைய வெற்றியில் எனக்குப் பொறாமை இல்லை; ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இந்த வீட்டில் அந்த மருமகள் நானே அல்லவா?

இங்கேதான் விஷயம் இறுகியது. என் மாமியாருக்கு 82 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் கொல்லைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சிகிச்சைக்குப் பின் கைத்தடியுடன் நடமாடுகிறார். எழுந்திருக்க ஒரு கை வேண்டும். மருந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கலாசாலை காலை ஒன்பதரை மணி முதல் மாலை மூன்றரை வரையில். என் கணவரோ கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

"தபால் மூலம் படிக்கலாமே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். வீட்டை விட்டு அகல முடியாதவர்களுக்கு இந்த வசதி நம் நாட்டில் நன்றாகவே ஏற்பட்டிருக்கிறது. சென்னைச் சர்வகலாசாலை 1981-ஆம் வருஷத்தில் தபால்வழிக் கல்வி நிலையம் தொடங்கியது. இந்திரா காந்தி தேசீயத் திறந்தநிலைச் சர்வகலாசாலை 1985-இல் ஏற்பட்டது. தமிழ்நாடு திறந்தநிலைச் சர்வகலாசாலை 2002-இல் ஏற்பட்டது. இவற்றின் மூலமாகப் பட்டம் பெற்ற தாய்மார்களும் தொழிலாளர்களும் எத்தனையோ பேர். அதிலும் கணிதத்துக்குப் பரிசோதனைச் சாலை வேண்டியதில்லை. காகிதமும் பேனாவும் போதும். ஆகவே நானும் அந்த முடிவுக்கே ஏறக்குறைய வந்துவிட்டேன். பதிவு செய்வதற்குமுன், என்னால் இன்னமும் முடிகிறதா என்று பார்க்கலாமே என்று ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். பழைய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி, விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணி வரையில் படிப்பது என்று விரதம் பூண்டேன்.

முதல் வாரம் எழுத்துக்களே பகைவர்கள் போல் இருந்தன. இரண்டாவது வாரத்தில் ஒரு சில முகங்கள் அடையாளம் தெரிந்தன. மூன்றாவது வாரத்தில், வெளியே பால்காரர் மணி அடிப்பது கேளாத அளவுக்கு ஒரு கணக்கில் ஆழ்ந்து போனேன். அந்த விடியற்காலையின் சுகத்தை எப்படிச் சொல்வேன்!

அது முடிவற்ற தொடர்களைப் பற்றிய கணக்கு. ஒன்றிலிருந்து அரையைக் கழித்து, மூன்றில் ஒன்றைக் கூட்டி, நாலில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி - இப்படியே முடிவில்லாமல் போனால் கூட்டுத் தொகை ஏறக்குறைய 0.693-ஐ நெருங்கும். இந்த உறுப்புக்களை வரிசை மாற்றிக் கூட்டினாலும் தொகை மாறாது என்று நான் ஒரு நிரூபணம் எழுதினேன். மளிகைக் கணக்கை மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் ஒரே தொகைதானே? இரண்டு பக்கம் மணி மணியாக எழுதி, அடியில் கோடு போட்டு, எனக்கு நானே 'சரி' என்று குறியும் போட்டுக்கொண்டேன். நாலு நாள் அந்தப் பெருமையில் தோசை கூட நன்றாக வார்த்தேன்.

என் கலாசாலைத் தோழி ஒருத்தி இப்போது வேறோர் ஊரில் கணிதப் பேராசிரியையாக இருக்கிறாள். கார்டு வந்தபோது அவளுக்கும் வந்தது, அவள் போனாள். அந்த இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துக் கைபேசியில் அவளுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று நினைத்தேன் என்பதை மறைப்பானேன்? இரவு ஒன்பது மணிக்குப் பக்கங்கள் திரும்பி வந்தன. இரண்டாம் பக்கத்தில் ஆறாவது வரியின்மேல் சிவப்பில் ஒரு வட்டம். ஓரத்தில், "இந்த அடி செல்லாது. ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தலாக அடுக்கிப் பார், அடி!" என்று எழுதியிருந்தாள்.

அடுக்கிப் பார்த்தேன். ஒன்று, அதிலிருந்து அரையும் காலும் கழித்தல், பிறகு மூன்றில் ஒன்று கூட்டல், ஆறில் ஒன்றும் எட்டில் ஒன்றும் கழித்தல். உறுப்புக்கள் அவையே, ஒன்று கூட விட்டுப் போகவில்லை. ஆனால் தொகை 0.347 ஆயிற்று, முன்னதில் சரிபாதி! இந்த மாதிரித் தொடரை வேண்டியபடி வரிசை மாற்றினால் எந்தத் தொகையையும் வரவழைக்கலாம் என்று ரீமன் என்ற ஜெர்மானியப் பேரறிஞர் நிரூபித்திருக்கிறார். அதை நான் இருபது வயதில் படித்தும் இருக்கிறேன். மறந்தது பெரிதல்ல. மறந்துவிட்டேன் என்பதே தெரியாமல், செல்லாத ஒன்றைச் செல்லும் என்று நிரூபித்து, சரிக்குறியும் போட்டுக்கொண்டேனே, அது பெரிது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கத்தினால் அன்று, சந்தோஷத்தினால். அந்தச் சிவப்பு வட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக நான் பிறர் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் சிவப்பு மையால் எழுதி வருகிறேன். என் நோட்டில் யாராவது எழுதி எத்தனை காலம் ஆயிற்று? சாம்பாரில் உப்பு அதிகம் என்பார்கள். கல்யாணத்துக்கு வைத்த மொய் குறைவு என்பார்கள். ஆனால், "நீ யோசித்த வழியில் இந்த இடம் பிசகு, மறுபடி யோசி" என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், என் யோசனையை அவர் முதலில் பொருட்படுத்திப் படித்திருக்க வேண்டும் அல்லவா? ஐம்பது வயதுப் பெண்மணியின் யோசனையை அப்படி யார் படிக்கிறார்கள்?

நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அப்போதுதான் விடை புலப்பட்டது. எனக்குப் பட்டம் வேண்டியதில்லை, வாத்தியார் வேண்டும். தனியாகப் படிக்கிறவனுக்குப் புத்தகம் கிடைக்கும். ஆனால் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க வழி கிடைப்பது அரிது.

"ராமானுஜன் எந்த வகுப்பில் படித்தார்? பரீட்சையில் தவறியவர்தானே?" என்று எங்கள் ஊரில் யாரும் எளிதாகக் கேட்டுவிடுவார்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. சிறு வயதில் அந்த வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். அவர் கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்தார் என்பதும், எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதன்பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே அவர் 1913-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எதற்காக எழுதினார்? தாம் கண்டவற்றைப் படித்துப் பார்த்துச் சரி, பிசகு சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்காக. ஹார்டியும் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியிருந்த முடிவுகளில் பிழை இருப்பதையும் எடுத்துக் காட்டினார். அதைக் கண்டு ராமானுஜன் பின்வாங்கவில்லை. 1914-இல் கப்பல் ஏறினார். 1916-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டமும் பெற்றார். மகாமேதைக்கே சிவப்பு மை வேண்டியிருந்தது என்றால், எனக்கு வேண்டாமா?

இந்த விடை எனக்கு ஆனந்தத்தை அளித்தது; கூடவே பெரிய சங்கடத்தையும் கொண்டுவந்தது. தபால்வழியில் பட்டம் எளிது. வகுப்புக்களும் சில நாட்கள் உண்டு. ஆனால் நாள்தோறும் பலகையின் முன் நிறுத்தி, "இந்த அடி எப்படி வந்தது?" என்று கேட்பவர் கலாசாலையில்தான் இருக்கிறார். எந்த வழி எனக்கு முடியுமோ அதில் நான் வேண்டியது குறைவு. எதில் வேண்டியது நிறைந்திருந்ததோ அந்த வழி எனக்கு அடைபட்டிருந்தது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு வாக்கில் பெட்டியைத் திறந்து கார்டையும் எடுத்துக் காட்டினேன். மை மங்கிப் போயிருந்தது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். தேதியைப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இத்தனை வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"நீங்கள் கேட்கவில்லை" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையான வார்த்தை என்று தெரிந்தது. அவர் முகம் வாடிவிட்டது. இருட்டில் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். பழைய மனக்குறைக்குப் பழி வாங்கவா படிக்கப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதுவும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கொஞ்சத்துக்காகப் படிக்கப் போவதாக இருந்தால் போகவே கூடாது. இரண்டு வருஷம் அதிகாலையில் எழுப்புவதற்கு மனக்குறைக்குப் பலம் போதாது. அந்தச் சிவப்பு வட்டத்துக்கு உண்டு.

மறுநாள் காலையில் கணவர் தாமாகவே கணக்குப் போட்டார். பகலில் அம்மாவுக்குத் துணையாக ஓர் அம்மாளை வைத்தால் மாதம் 9,000 ரூபாய் கேட்பார்கள். இரண்டு வருஷத்தில் கலாசாலை நடக்கும் மாதங்கள் இருபது என்று வைத்துக்கொண்டாலும் 1,80,000 ரூபாய். என் மாலைப் பள்ளி வருமானத்தில் மிச்சம் பிடித்து, பின்கட்டு ஓட்டைப் பிரித்துத் தளம் போடுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. "தளம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். ஓடு இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கும்" என்றார். நேற்றைய வார்த்தைக்கு அது பதில் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் காப்பியை வைத்தேன்.

பணத்துக்கு வழி உண்டாயிற்று. ஆனால் பிறத்தியார் கையில் வயதானவரை ஒப்படைத்துவிட்டுப் போவதற்கு மனம் துணியவில்லை. ஊரிலும், "மாமியாரைக் கூலிக்காரியிடம் விட்டுவிட்டு இவள் பள்ளிக்கூடம் போகிறாளாம்" என்று சொல்வார்கள். ஆகவே, "அத்தைக்கு இப்படி இருக்கிறதே, எப்படிப் போவது?" என்று தோழியிடம் சொன்னேன். மகனிடம் சொன்னேன். நாத்தனாரிடமும் சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அத்தையிடம் மாத்திரம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் பகலில், அவருக்குக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவரே கேட்டார்: "பஞ்சாங்கத்துக்குள்ளே என்னவோ வைத்திருக்கிறாயே, அது என்ன?"

அமாவாசை பார்க்க எடுத்தபோது கண்டிருக்கிறார். நான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல், காலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நீங்கள் இப்படி இருக்கும்போது நான் எங்கே போவது, அத்தை?" என்றேன்.

"நான் எப்படி இருக்கிறேன்?" என்று கேட்டார். "எனக்குக் கை பிடித்துத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அது நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் என்றைக்காவது சொன்னேனா?"

நான் பேசாமல் இருந்தேன்.

"போக உனக்கு இஷ்டம் இல்லையென்றால், இஷ்டம் இல்லை என்று சொல்லு. என் இடுப்பைச் சாக்குச் சொல்லாதே. நாளைக்கு நான் போன பிறகு, கிழவியால்தான் படிப்பு போயிற்று என்று நினைத்துக்கொண்டு என் படத்துக்குப் பூப் போடுவாய். அது எனக்கு வேண்டாம், அம்மா."

சிறிது நேரம் கழித்து, தனக்குத்தானே பேசுவது போல், "என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்று. நிறுத்திய அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது" என்றார். என்ன பாடம் என்று நான் கேட்டேன். "தசமம். புள்ளி வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது" என்றார்.

இருபத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். மாலை தோறும் என் பள்ளிக்கூடம் நடக்கும்போது அவர் தூணோரத்தில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை விண்ணப்பத்தை எடுத்துப் பூர்த்தி செய்தேன். கடைசிப் பக்கத்தில், 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று ஓர் இடம் இருந்தது. என் தாய் தந்தையர் இருவரும் இல்லை. கணவர் பேனாவை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைத் தம் தாயாரிடம் நீட்டினார். அத்தை கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, நடுங்கும் கையால், ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தம் பெயரை எழுதினார். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. முடிவில் ஒரு புள்ளியும் வைத்தார்.

மறுநாள் அதே ஜன்னல், அதே குமாஸ்தா. கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் கையெழுத்து, அம்மா?" என்று கேட்டார்.

"என் மாமியார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

ஆடி மாதத்தில் வகுப்புத் தொடங்குகிறது. பகலில் வருவதற்கு, மேலத் தெருவிலிருந்து ஓர் அம்மாள் ஒப்புக்கொண்டிருக்கிறார். பரீட்சையில் தேறுவேனோ, தவறுவேனோ, தெரியாது. விழித்துப் படிக்க உடம்பு இடங்கொடுக்குமா என்பதும் போகப் போகத்தான் தெரியும். மழைக்கு ஓடு தாங்க வேண்டும். இவை எல்லாம் உள்ள கவலைகளே. இல்லை என்று நான் பசப்ப மாட்டேன். வீட்டில் துணையில்லாதவர்களுக்கும், ஓட்டைப் பிரிக்கப் பணமே சேராதவர்களுக்கும், "நீங்களும் போங்கள்" என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பஞ்சாங்கத்துக்குள் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். யாரைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு அதை மூடி வைத்திருக்கிறீர்களோ, அவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இப்போது மாலைப் பள்ளியில் எனக்குப் பதினைந்து பேர். பதினைந்தாவது மாணவி தூணோரத்தில் உட்கார்ந்து, பலகையில் தசமக் கணக்குப் போடுகிறார். நேற்று ஒன்று பிசகாகப் போட்டார். சிவப்பு மையால் வட்டம் போட்டு, "மறுபடி யோசியுங்கள், அத்தை" என்றேன். கோபித்துக்கொண்டார், பிறகு யோசித்தார்.